சீமெந்து அண்ணையின் ஒன்பது வீடுகள்

ஜூலை விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, வீட்டின் வடக்குச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கலாம் என்று மகேந்திரராசா ஏணியை எடுத்து வெளியே சாத்தினார். நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் அந்த மரவீட்டை வாங்கிப் பதினொரு வருடமாகிறது. இதுவரை இரண்டு தடவை பெயின்ற் அடித்தாயிற்று. இரண்டு தடவையும் வடக்குப் பக்கம்தான் முதலில் உரிந்தது. இப்போது மூன்றாம் தடவை. கீழ்ப்பலகையைச் சுரண்டியபோது பெயின்ற் மட்டும் வரவில்லை, மரமும் சேர்ந்து வந்தது. திருப்புளியை எடுத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவது போல அது பிடி வரைக்கும் இறங்கியது.

திருப்புளியை இழுத்தெடுத்து நுனியைத் துடைத்துவிட்டு, வாசற்படியில் குந்திக்கொண்டார். அவருக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. ஐம்பத்தேழு வயது. இருபது வருடமாக மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணிக்கு இயந்திரத்தின் முன்னால் நின்றால் இரண்டு மணிவரை கையைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். வலது தோள் போன மாரியோடு பழுதாகிவிட்டது. கையை நெற்றிக்கு மேல் உயர்த்த முடியாது. மூன்று கிழமை விடுமுறையில் இரண்டு நாள் பெயின்ற், மிச்சமெல்லாம் நித்திரை என்று கணக்குப் போட்டிருந்தார்.

"என்ன, ஏணியில ஏறாமலே களைச்சுப் போனீங்களோ?" என்று குசினி யன்னலுக்குள்ளால் சிவமலர் கேட்டாள்.

"பலகை உக்கிப்போச்சு மலர்."

"எத்தினை பலகை?"

அவர் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து திருப்புளியால் குத்திக்கொண்டு போனார். வடக்குப் பக்கம் முழுவதும், மூலை திரும்பிக் கிழக்கிலும் பாதி தூரம். குத்திய இடமெல்லாம் ஒரே மாதிரிக் கீழ்ப்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு இளகிக் கிடந்தது. மேலே மரம் நன்றாகத்தான் இருந்தது.

"கிளெமென்றைக் கூப்பிடுங்கோ," என்றாள் சிவமலர். "அவனுக்குத்தான் மரம் தெரியும்."

கிளெமென்ற் எல்லிங்ஸ்ருட்டில் இருந்தான். பதினைந்து வருடமாக நோர்வேஜியத் தச்சர்களோடு வேலை. யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கத்து ஆள், கிறிஸ்தவ வேதக்காரன், வாய் சும்மா இராது. அவனைக் கூப்பிடுவதில் மகேந்திரராசாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஏன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் தெரியாதது போல இருந்தார்.

பலகைச் சுவரின் கீழ் நுனிக்கும் அத்திவாரத்துக்கும் இடையில் முன்பு ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. வீடு முழுவதையும் சுற்றி அப்படித்தான். அவர்கள் குடிவந்த முதல் இலையுதிர்காலத்தில் அதற்குள்ளால் எலிகள் ஏறிக் கீழறைக்கு வந்து, இருபது கிலோ அரிசி மூட்டையின் அடியைக் கடித்துவிட்டன. சிவமலர் எலியைக் கண்டு கத்தவில்லை, சிந்திய அரிசியைக் கண்டுதான் கத்தினாள். "ஒரு மூடி போட்ட பெரிய தகர வாளி வாங்குவம்," என்றாள்.

மகேந்திரராசாவுக்கு அது போதவில்லை. சுற்றிவரத் திறந்து கிடக்கிற ஒரு வீட்டை வாங்கிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இலங்கையில் அவர் ஆறு வருடம் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். ஒருநாளும் சீமெந்து குழைத்ததில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பைகளுக்குக் கையெழுத்து வைத்தவர். அவை போன இடமெல்லாம் ஓட்டைகள் அடைபட்டு வீடுகள் உறுதியாக நின்றன என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சனிக்கிழமை சீமெந்தும் மணலும் குழைத்து, சுற்றிவர அந்த இடைவெளியை அடைத்தார். தண்ணீர் வழிந்தோடச் சரிவு வைத்து மட்டம் தட்டினார். தொடங்கிய மூலையில், ஈரம் காய முதல், ஓர் ஆணியால் பிள்ளையார் சுழி போட்டார்.

அந்த மாரியில் எலி வரவில்லை. கதை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பரவியது. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பரவாத கதை உண்டா? அடுத்தடுத்த வருடங்களில் எல்லிங்ஸ்ருட், ஸ்டோவ்னர், லோறென்ஸ்கூக் என்று எட்டு வீடுகளுக்கு வாளியோடு போனார். கூலி வாங்கவில்லை. தேத்தண்ணியும் றோல்ஸும் போதும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலையில் ஆணியால் ஒரு பிள்ளையார் சுழி. "சீமெந்து அண்ணை" என்ற பெயர் அப்படி வந்ததுதான். தொழிற்சாலையில் அவருடைய பெயரை முழுதாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தால் பெரிய காரியம். இந்த நாட்டில் அவரை ஒரு விஷயம் தெரிந்த மனிதராக நினைத்துக் கூப்பிட்டது அந்த எட்டு வீடுகள் மட்டும்தான்.

கிளெமென்ற் செவ்வாய்க்கிழமை காலை வந்தான். வந்ததும் கதைக்காமல் கடப்பாரையை விட்டு ஒரு பலகையை நெம்பினான். பலகை ஈரப் பாண் போலப் பிய்ந்து வந்தது. உள்ளே கறுப்பாக இருந்தது. பூஞ்சண மணம் அடித்தது. பிறகு அவன் கீழே பார்த்தான்.

"இதென்ன அண்ணை, பலகைக்குச் சப்பாத்துப் போட்டுவிட்ட மாதிரிக் கிடக்கு?"

"ஏன், அதில என்ன?"

"என்னவோ! இந்தப் பலகைக்குப் பின்னால காத்து கீழால ஏறி மேலால போகவேணும். அதுக்குத்தான் இடைவெளி. மழை பட்டாலும் காத்துக்குக் காஞ்சிடும். கீழ்வாயை அடைச்சா உள்ளுக்க வந்த தண்ணி எங்கை போறது? சீமெந்து குடிக்கும், குடிச்சதைப் பலகைக்குக் குடுக்கும். வருசக்கணக்கா ரெண்டும் மாறி மாறிக் குடிச்சிருக்குதுகள்." அவன் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தான். "ஆர் இதைப் பூசினது?"

சிவமலர் தேத்தண்ணித் தட்டோடு அப்போதுதான் படியிறங்கினாள்.

"வீட்டை வித்த கிழவன்," என்றார் மகேந்திரராசா.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது பொய் என்று அவருக்கே கேட்டது. சிவமலர் தட்டை ஏணிப்படியில் வைத்து, ஏற்கெனவே கலக்கிய தேத்தண்ணியை இன்னொரு தடவை கலக்கினாள்.

கிளெமென்ற் மூலைக்குப் போய்ப் புல்லை விலக்கிக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "கிழவன் நல்ல பக்தியான ஆள் போல," என்றான்.

"ஏன்?"

"இல்லை, இவ்வளவு பயபக்தியாப் பூசியிருக்கிறான். சும்மா சொன்னனான்."

அன்று மாலைவரை நின்று வேலையைக் காட்டித் தந்தான். சீமெந்தை முழுதாக உடைத்தெடுக்க வேண்டும். பலகையைப் பாதியில் வெட்டி ஒட்டுப் போடக்கூடாது, முழுப் பலகையாக மாற்ற வேண்டும். கீழ் நுனியைச் சரிவாக வெட்டி, வெட்டு வாயில் பெயின்ற் குடிக்கக் குடிக்கப் பூச வேண்டும். முதலில் உட்பலகைகளை இடைவெளி விட்டு அறைய வேண்டும். பிறகு அந்த இடைவெளிகளை மூடி வெளிப்பலகைகள். "எலிக்கு?" என்று சிவமலர் கேட்டாள். "அதுக்கு ஓட்டை போட்ட தகரப் பட்டி இருக்கு அக்கா. கடையில சுருளாக் கிடக்கு. காத்துப் போகும், எலி போகாது. நோர்வேக்காரன் எலியைக் காணாதவன் எண்டே நினைச்சீங்கள்?"

போகும்போது மூலைச் சட்டத்தையும் திருப்புளியால் குத்திப் பார்த்துவிட்டு, "இதுவும் தொடங்கீட்டுது. மூலையை நீங்கள் தொடவேண்டாம், நான் வந்து மாத்துறன்," என்றான்.

அவன் கார் போன பிறகு சிவமலர் கேட்டாள்: "செத்துப்போன மனிசனிலயோ பழியைப் போடுறது?"

"செத்துப்போனாரோ?"

"போன வருசம். பக்கத்து வீட்டு மனிசி சொன்னவ. வீட்டைத் தரேக்க அப்பிள் மரத்தை எப்பிடிக் கத்தரிக்கிறதெண்டு நிண்டு காட்டித் தந்திட்டுப் போன மனிசன்."

அப்பிள் மரம் வேலிக்கரையில் ஒழுங்காக நின்றது. அவர் ஒவ்வொரு மார்ச்சிலும் கிழவன் காட்டியபடியேதான் கத்தரித்து வந்தார்.

அடுத்த நாட்களெல்லாம் ஒரே நாள் போலத்தான் போயின. உளியை வைத்து அடித்தால் ஒரு அடியில் கைப்பிடியளவு சீமெந்து பெயர்ந்தது. நன்றாகத்தான் குழைத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே பழைய தலையணையை வைத்துக்கொண்டு நகர்ந்தார். மத்தியானத்தில் சோறு தின்ற கையோடு விறாந்தைக் கதிரையில் சாய்ந்தால், சிவமலர் வந்து தட்டி எழுப்பும்வரை வாய் திறந்தபடி கிடந்தார். எழும்பியதும் தோள் தான் இருப்பதைச் சொல்லியது. உடைக்கும்போது மனம் தன்பாட்டில் எண்ணியது. உதயகுமாரி வீடு. வரதராசா வீடு. ஸ்டோவ்னரில் தொடர்வீடு இரண்டு. எட்டாவதுக்கு வந்து, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது. ஒருவருக்கும் சொல்லாமல் விட்டால் என்ன? ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பலகை உக்கினால் மழையால் உக்கியது என்பார்கள். அவர்களும் யாரோ ஒரு கிழவனைத்தான் குறை சொல்வார்கள்.

இரண்டாம் கிழமை வியாழக்கிழமை உதயகுமாரியே தொலைபேசி எடுத்தாள். எல்லிங்ஸ்ருட்காரி. அவளுடைய புருஷன் ராக்சி ஓடுபவர். மகேந்திரராசா முதன்முதல் வெளியே போய்ப் பூசியது அவர்களுடைய வீட்டுக்குத்தான்.

"அண்ணை, முன்மூலையில சீமெந்து வெடிச்சுப்போச்சு. குளிர் தொடங்க முதல் ஒருக்கா வந்து பூசிவிடுங்கோ. நான் இவருக்குச் சொன்னனான், சீமெந்து அண்ணை பூசின மாதிரி ஆரும் பூசமாட்டினம் எண்டு."

"வாறன் தங்கச்சி," என்றார். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காரின் பின்பெட்டியில் ஒரு சீமெந்துப் பையை ஏற்றினார். பிறகு திரும்பி வந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிவமலர் இரண்டையும் பார்த்தாள்.

"எதுக்குப் போறீங்கள், பூசவோ உடைக்கவோ?"

"அங்கை போய்ப் பாப்பம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உதயகுமாரி வடை சுட்டு வைத்திருந்தாள். இரண்டு வடை தின்றார். மூன்றாவதையும் வைத்தாள். அதையும் தின்றார். வாளி எங்கே, தண்ணி பிடித்துத் தரட்டா என்று கேட்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்: "தங்கச்சி, நான் பூசினது பிழை. அடைக்கக்கூடாத இடத்தை அடைச்சிட்டன். உடைக்கவேணும்."

அவள் சிரித்தாள். "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. பத்து வருசமா ஒரு எலி வரேல்லை. அதில என்ன பிழை?"

"எலி வரேல்லைத்தான். காத்தும் வரேல்லை. பலகை உள்ளுக்க உக்குது."

"இப்ப ஆரார் என்னத்தைச் சொல்லி உங்களைக் குழப்பினது?" என்றவள், அவருடைய முகத்தையும் தோளைப் பிடித்திருந்த கையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அண்ணை, உங்களுக்கு ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ. வயசு போகுதுதானே. நாங்கள் குறை நினைக்கமாட்டம். இவரே சீமெந்தை வாங்கிக் குழைச்சு அப்பிவிடுவார்."

கள்ளம் என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு நோவாது. பத்து வருடம் நம்பக்கூடாததை நம்பினாள். நம்ப வேண்டியதைச் சொல்லும்போது, கிழவனுக்குக் கை ஏலாது என்று இரங்குகிறாள். அவர் காருக்குப் போய் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முன்மூலைக்கு வந்தார். முழங்காலில் இருந்து, மண்ணையும் புல்லையும் கையால் வழித்தார்.

சீமெந்தில் அவருடைய பிள்ளையார் சுழி அப்படியே இருந்தது. பாசி பிடித்த சின்ன 'உ'. அதன் வாலை அவர் எப்போதும் கொஞ்சம் நீட்டித்தான் இழுப்பார்.

அவருடைய காது இரண்டும் சூடேறின. லோறென்ஸ்கூக்கில் மூலையில் குனிந்து நின்ற கிளெமென்ற் நினைவுக்கு வந்தான். புல்லை விலக்கிப் பார்த்தவன். கிழவன் நல்ல பக்தியான ஆள் போல என்றவன். நோர்வேஜியக் கிழவன் எந்த நாளில் பிள்ளையார் சுழி போட்டுச் சீமெந்து பூசினான்? வேதக்காரனுக்கு அது என்னவென்று தெரியாதா? பொய் சொன்ன அந்த நிமிடத்திலேயே பிடிபட்டுவிட்டார். பிடித்தவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மாலைவரை நின்று வேலை செய்து தந்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவர் உளியை வைத்தார்.

"ஐயோ அண்ணை, பிள்ளையார் சுழியிலயோ உளியை வைக்கிறது?" என்று உதயகுமாரி பதறினாள்.

அவர் ஒரு சாண் தள்ளி வைத்து அடித்தார். நாலு அடியில் ஒரு துண்டு பெயர்ந்தது. பின்னால் பலகையின் கால் கறுத்து இருந்தது. சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த திருப்புளியை அவளுடைய கையில் கொடுத்தார். "குத்திப் பாரும்."

அவள் குத்தினாள். பாதி இறங்கியது. இழுத்துவிட்டு இன்னொரு பலகையில் குத்தினாள். அதிலும் கொஞ்சம் இறங்கியது. அவள் திருப்புளியைத் திருப்பித் தரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட வீடு வெயில்பக்கம். அதால பெரிசாப் பழுதில்லை. இந்தப் பக்கம் மூண்டு நாலு பலகை மாத்தினாக் காணும்," என்றார். "என்ர வீட்டில ஒரு சுவரே போச்சு."

"அப்ப மற்ற ஆக்களின்ர வீடு?"

"போகவேணும்."

"எல்லாருக்கும் வாயால சொல்லப் போறீங்களோ?"

"ஓம்."

"சும்மா விடாயினம் அண்ணை." அவள் வீதிப் பக்கம் பார்த்தாள். "இவர் இப்ப வந்திடுவார். வந்தா ஊர் கூடக் கத்துவார். நீங்கள் அதுக்கு முதல் வெளிக்கிடுங்கோ, நான் ஆறுதலாச் சொல்லுறன்."

"கத்தட்டும். கேட்டிட்டுப் போறன்."

அவர் இருந்து உடைத்தார். புருஷன் வந்தார். ராக்சிச் சாவியை விரலில் சுற்றியபடி சுவரைப் பார்த்தார், கீழே குவிந்த சீமெந்துத் துண்டுகளைப் பார்த்தார், முழங்காலில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. "எப்ப அண்ணை மாத்துவம்?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் மகேந்திரராசாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிள்ளையார் சுழி இருந்த துண்டை மட்டும் உடையாமல் நெம்பியெடுத்து ஓரமாக வைத்தார். சீமெந்துப் பை திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

மற்ற வீடுகளுக்கு அவர் ஒவ்வொரு சனியும் ஞாயிறும் போனார். அதற்குள் விடுமுறை முடிந்து, காலை ஆறு மணியும் விரிப்புகளும் திரும்ப வந்துவிட்டன. உதயகுமாரியின் வாயால் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வீட்டில் கதவைத் திறந்ததும் திட்டு விழுந்தது. இன்னொரு வீட்டில் சோறு போட்டுவிட்டுத் திட்டினார்கள். வரதராசா மட்டும் சுவரைத் தொடவே விடவில்லை.

"பேசாமல் விடுங்கோ அண்ணை. வாற வருசம் வீட்டை விக்கப் போறம். இப்ப உடைச்சா வாங்க வாறவன் பாப்பான்."

மகேந்திரராசா சரி என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். ஸ்டோவ்னர் நிலக்கீழ் ரயில் நிலையம்வரை வந்தவர் காரை ஓரம் கட்டினார். வரதராசாவின் வீட்டை வாங்கப் போகிறவன் ஒருநாள் ஏணியைச் சாத்தி, திருப்புளியால் குத்தி, யார் இதைப் பூசியது என்று கேட்பான். வீட்டை விற்றவன் என்று யாரோ சொல்வார்கள். தெரிந்துகொண்டே விற்றவன் என்பதால், அந்தத் தடவை அது முழுப் பொய்யாகக்கூட இராது. பிறகு காரைத் திருப்பினார்.

"திரும்பவும் வந்திட்டீங்களோ?" என்றார் வரதராசா.

"நீர் விடமட்டும் வருவன் தம்பி. எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு. கெதியா விட்டீரெண்டா ரெண்டு பேரும் போய்ப் படுக்கலாம்."

வரதராசா கதவுநிலையில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

செப்ரெம்பர் முடியும்போதும் லோறென்ஸ்கூக் வீட்டின் வடக்கு மூலை நீலப் படங்கால் மூடியபடிதான் கிடந்தது. காற்றடித்தால் படங்கு படபடவென்று அடித்தது. சிவமலர் ஒருநாள் கடைக்குப் போய், மூடி போட்ட பெரிய தகர வாளி ஒன்றைத் தானே பஸ்ஸில் கொண்டுவந்து கீழறையில் வைத்தாள். "இதைத்தான் பதினொரு வருசத்துக்கு முதல் சொன்னனான்," என்று சொல்லவில்லை. அரிசியைக் கொட்டி, மூடியை இரண்டு தடவை தட்டி இறுக்கினாள். அந்தச் சத்தம் மேலே இருந்தவருக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு கிளெமென்ற் மூலையை மாற்ற வந்தான். படங்கை அவிழ்த்து, உக்கிய சட்டத்தை வெட்டியெடுத்து, புதுச் சட்டத்தை இரண்டு பேருமாக இறுக்கினார்கள். மூலைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவன் கேட்டான்:

"கிழவன் இப்ப எத்தினையாம் வீட்டில நிக்கிறார்?"

மகேந்திரராசா பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு முடிஞ்சுது. இன்னும் மூண்டு கிடக்கு."

"இதோட சேத்தோ?"

"இதோட சேத்துத்தான்."

"அப்ப ரெண்டு." கிளெமென்ற் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டான். "பலகையை மேல பிடியுங்கோ அண்ணை."

வலது கை நெற்றிக்கு மேல் எழும்பவில்லை. அவர் இடது கையை மாற்றிப் பிடித்தார். பலகைக்குக் கீழே, சுவருக்கும் அத்திவாரத்துக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. குளிர்காற்று அதற்குள்ளால் ஏறுவது கணுக்காலில் தெரிந்தது. அவர் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.